மருமகனுக்கு எந்தக் கார்: 1972 ஃபியட்டா, புது ஆல்டோவா?

தங்கை மகன் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். காரைக்குடிப் பக்கம் ஏதோ ஒரு வீட்டு முகப்பில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபியட் 1100. 1972 மாடல். குரோமியப் பட்டைகள் மின்னுகின்றன, ஹெட்லைட் வளையங்கள் முழுசாக இருக்கின்றன. படத்துக்குக் கீழே ஒரே வரி: "மாமா, இதை வாங்கிவிடட்டுமா?"

அவனிடம் நாலரை லட்சம் ரூபாய் இருக்கிறது. வாங்கப்போவது வாழ்க்கையில் முதல் கார். வீடு திருமங்கலத்தில், வேலை மதுரையில். போக வர நாளொன்றுக்கு 45 கிலோமீட்டர். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இதுவரை மனதில் வைத்திருந்தது ஆல்டோ கே10. ஃபியட்டைப் பார்த்த அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது என்கிறான். எனக்கு அது புரிகிறது.

என்னிடம் கேட்டதற்குக் காரணம், இரண்டும் என் வீட்டில் நிற்கின்றன. ஒன்று பெரியப்பாவிடமிருந்து வந்த 1971 ஃபியட். இன்னொன்று 2023இல் நான் வாங்கிய ஆல்டோ. எது நல்ல கார் என்று கேட்டால் எனக்கு நாளுக்கு ஒரு பதில் வரும். இவனுக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்குத்தான் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.

அளவிலிருந்து தொடங்கலாம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஃபியட் பெரிய கார் போலத் தெரியும். உண்மையில் அகலம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நீளத்தில் ஃபியட் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆல்டோ மூன்றரை மீட்டர். எடையில் ஃபியட் 900 கிலோவை ஒட்டி நிற்கும், ஆல்டோ அதைவிட நூறு கிலோவுக்கு மேல் குறைவு. ஃபியட்டின் என்ஜின் 1089 சிசி, நான்கு சிலிண்டர், திறன் சுமார் 40 குதிரைத் திறன். ஆல்டோவுடையது 998 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 66 குதிரைத் திறன். சிறிய என்ஜின், லேசான வண்டி, கூடுதல் இழுவிசை. ஐம்பது ஆண்டுகளில் பொறியியல் எங்கே போயிருக்கிறது என்பதற்கு இந்த மூன்றும் போதும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் என்ஜின் அளவைப் பொறுத்தது. 2022இல் நிர்ணயித்த விகிதப்படி 1000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். ஆக, மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்குகிற என் ஃபியட், ஆல்டோவைவிட ஒரு படி மேலான வாகனமாகக் கட்டணம் கட்டுகிறது. பெரியப்பா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வாங்கும் விலையைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகு ஆல்டோவின் ஷோரூம் விலை நான்கு லட்சத்துக்குக் கீழே தொடங்குகிறது. பதிவும் காப்பீடும் சேர்த்தால் இவன் பட்ஜெட்டில் கீழ்நிலை மாடல் ஒன்று நிச்சயம் அடங்கும். பழைய காருக்கு விலைப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. விற்பவரின் பாசமும் வாங்குபவரின் ஆசையும் எங்கே சந்திக்கின்றனவோ அதுதான் விலை. காரைக்குடிக்காரர் சொல்லும் விலைக்கு வாங்கினாலும் இவன் கையில் பாதிப் பணம் மிஞ்சும். அங்கேதான் இவன் ஏமாறுகிறான். மிஞ்சிய பாதி அவனுடையதன்று, அந்தக் காருடையது.

மாதக் கணக்கைப் பாருங்கள். அலுவலகத்துக்கு 24 நாள் போய்வருவதே ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். என் ஃபியட் லிட்டருக்கு 11 கொடுத்தால் அன்று நல்ல நாள். ஆல்டோவுக்குச் சான்றளிக்கப்பட்ட அளவு 24.39. சாலையில் எனக்குக் கிடைப்பது 20. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஃபியட்டுக்கு மாதம் 10,000 ரூபாய், ஆல்டோவுக்கு 5,500. இந்த 4,500 ரூபாய் வித்தியாசம் குழந்தைக்கு ஒரு சேமிப்புத் திட்டம் போடக் காணும். கப்பலூர் சுங்கச்சாவடி மட்டும் காரின் வயதைப் பார்ப்பதில்லை.

பெட்ரோல் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதைப் பழைய கார் விற்பவர் யாரும் தானாகச் சொல்லமாட்டார். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் உதிரிபாகங்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. 1972இல் யாரும் எத்தனாலை நினைத்துப் பார்த்து ரப்பர் குழாய் செய்யவில்லை. எத்தனால் பட்டால் பழைய ரப்பர் உப்பும், பிறகு அதில் வெடிப்பு விழும். பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, அதாவது டயஃப்ரம், தளரும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் எடுக்காமல் நிறுத்திய காரின் டாங்கியில் நீர் பிரிந்து அடியில் தங்கி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் வெண்படலமாகப் படியும். வழியில்லாமல் இல்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களும் டயஃப்ரமும் கிடைக்கின்றன; மாற்றிக்கொள்ளலாம். நானும் மாற்றினேன், ஒரே ஒரு குழாயைத் தவிர. அந்தக் கதை பின்னால் வருகிறது.

அடுத்தது சட்டம். இதில் குழப்பம் அதிகம், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 'விண்டேஜ்' என்ற சொல்லைப் பழைய கார் ரசிகர்கள் 1919 முதல் 1930 வரையிலான கார்களுக்கு மட்டுமே தருவார்கள். ஃபியட்டை அப்படி அழைத்தால் முகம் சுளிப்பார்கள். நம் மோட்டார் வாகன விதி அவ்வளவு கறார் இல்லை. 2021இல் வந்த திருத்தத்தின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸ் என்ற அடிச்சட்டம், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார் விண்டேஜ். ஆக 1972 ஃபியட்டுக்கு அந்தத் தகுதி உண்டு. புதிதாக அப்படிப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலும் பாதி தள்ளுபடி உண்டு.

இதைக் கேட்டதும் மருமகன் துள்ளினான். "அப்படியென்றால் வி.ஏ. எண்ணே வாங்கிவிடலாமே மாமா!" வாங்கலாம். வாங்கினால் அலுவலகத்துக்குப் பஸ்ஸில்தான் போகவேண்டும். விண்டேஜ் பதிவுள்ள காரை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பிறகு பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போய்வருவது, அவ்வளவுதான் அனுமதி. தினமும் ஓட்டவேண்டும் என்றால் சாதாரணப் பதிவையே தொடரவேண்டும்: ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்டி எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பிக்கவேண்டும். 20 ஆண்டு கடந்த காருக்கு அந்தப் புதுப்பித்தல் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். மாநிலத்தின் பசுமை வரி தனி.

காகிதங்களில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய எண்ணுள்ள காரின் ஆர்.சி. புத்தகம் பெரும்பாலும் காலமான ஒருவர் பெயரில் இருக்கும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திடவேண்டும். அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஒருவர் மற்றவர்களோடு பேசுவதில்லை. அந்தப் பழைய புத்தகத்து விவரம் இன்றைய கணினிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஏறவில்லையென்றால் ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றம். காரின் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

பாதுகாப்புக்கு வருவோம். "அந்தக் காலத்து இரும்பு மாமா, இடித்தால் எதிரில் வருகிறவன்தான் நசுங்குவான்" என்றான். பெரியப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 2009இல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. கனத்த இரும்புக் காரான பெல் ஏரில் ஓட்டுநர் இருக்கைப் பகுதி சுருங்கி, ஸ்டியரிங் மார்புக்கு வந்துவிட்டது. அதில் மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருப்பது அரிது. மாலிபுவின் முன்பக்கம் நொறுங்கிப்போனது, ஆனால் உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில் மட்டுமே அடி. முன்பக்கம் நொறுங்குவதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. நொறுங்காத இரும்பு அந்த அதிர்ச்சியை அப்படியே நம் எலும்புக்குக் கடத்திவிடும்.

ஃபியட்டில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. ஏர்பேக் கிடையாது. சீட் பெல்ட்டே நாமாகப் பொருத்தினால்தான் உண்டு. ஸ்டியரிங் தண்டு வளையாத நேர்க்கம்பி. குழந்தை இருக்கையை மாட்டுவதற்குக் கொக்கி இல்லை. மழையில் பிரேக் நனைந்தால் முதல் மிதிக்கு ஒன்றும் நடக்காது, இரண்டாவது மிதிக்கு ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் பழகிவிடும். எதிரில் வருகிறவனுக்கு உன் பிரேக்கின் வயது தெரியாது.

அதற்காக ஆல்டோவைக் கோட்டை என்று சொல்லவும் மாட்டேன். 2023 ஏப்ரலில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்குப் பெரியவர் பாதுகாப்புக்கு இரண்டு நட்சத்திரம், குழந்தைப் பாதுகாப்புக்குச் சுழியம். அப்போது அதில் இரண்டு ஏர்பேக்தான். 2025இலிருந்து எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டன. வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈ.எஸ்.பி. அதற்கு முன்பே வந்துவிட்டது. லேசான உடல் லேசான உடல்தான். நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே 90க்கு மேல் நான் அதை விரட்டுவதில்லை. ஆனாலும் இரண்டு வயதுக் குழந்தையை எந்தக் காரில் உட்காரவைப்பாய் என்ற கேள்விக்கு எனக்கு இரண்டு பதில் கிடையாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டேன், ஆனால் என் ஃபியட்டை நான் விற்கவில்லை. அதற்கும் காரணம் சொல்லவேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, இரண்டாவது முயற்சியில் என்ஜின் இருமிக்கொண்டு எழுந்திருக்கும்போது வீட்டில் யாரோ பெரியவர் கண் விழித்தது போல் இருக்கும். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஹேண்ட் கியர். முன்சீட் பெஞ்சு போல நீளமானது; மனைவி பக்கத்தில் உட்கார்ந்தால் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் அழகர்கோவில் சாலையின் காற்று நேராக முகத்துக்கு வரும். ஓட்டுவதற்கு இரண்டு கையும் இரண்டு காலும் ஒரு காதும் வேண்டும். கியரை எப்போது மாற்றுவது என்று என்ஜினின் குரல்தான் சொல்லும். ஆல்டோவில் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறேன். ஃபியட்டில் காரைக் கேட்டுக்கொண்டு போகிறேன்.

1964இலிருந்து மும்பை குர்லாவில் செய்த இந்த மாடல், 1974இல் பத்மினி என்று பெயர் மாறி, அந்த நூற்றாண்டின் முடிவு வரை ஏறத்தாழ அதே உடலோடு வந்துகொண்டிருந்தது. பாகம் இன்னும் கிடைப்பதற்கு அதுதான் காரணம். மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில்தான் சாலையிலிருந்து இறங்கியது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் இன்றும் பலதும் அகப்படும். பாகத்தைவிட அரிதாகிவிட்டது அதைப் பொருத்தத் தெரிந்த கை.

2019இல் வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது என் கார் கொதித்து நின்றது. காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காதது நான். ஊசி சிவப்புக்குப் போனதையும் பார்த்தேன், அடுத்த வளைவு வரை போய்விடலாம் என்று ஓட்டியதும் நான். என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு அப்போதே 68 வயது. ஹெட்டைக் கழற்றி, சமதளம் பிடிக்கக் கொடுத்து, கேஸ்கெட் வரவழைத்துப் பூட்டி முடிக்க 19 நாள் ஆனது. பூட்டியபின் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு டெல்கோவை, அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை, ஒரு மயிரிழை திருப்பினார். சத்தம் மாறியது. "இப்போது சரி" என்றார். எந்தக் கருவியும் கையில் இல்லை.

அவர் மகனும் மெக்கானிக்தான், ஒரு பெரிய சர்வீஸ் மையத்தில் வேலை. ஸ்கேனரைச் செருகிப் பிழை எண்ணைப் படித்து அரை மணியில் சென்சாரை மாற்றிவிடுவார், கெட்டிக்காரர். ஆனால் கார்புரேட்டரைத் திறந்து பார்த்ததே இல்லை என்று அவரே சொன்னார். புது காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தால் சாலையோரத்தில் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மை. பழைய காரை ஸ்குரூ டிரைவரும் ஒரு துண்டுக் கம்பியும் கொண்டு வீடு சேர்த்துவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் ஆல்டோவுக்கு மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரன்டி உண்டு, எந்த ஊரிலும் ஒரு சர்வீஸ் மையம் உண்டு. என் ஃபியட்டுக்கு ஒரே ஒரு ஆள். அவருக்கு இப்போது கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது.

ஆகவே பழைய கார் வாங்க நினைப்பவரிடம் நான் முதலில் கேட்பது விலையையோ மாடலையோ அல்ல. உன் மெக்கானிக்கின் வயது என்ன, அவர் உன் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். அடுத்து, கார் நிற்க நிழலும் கூரையும் இருக்கிறதா. மூன்றாவது, இது ஓடாத நாளில் நீ எதில் வேலைக்குப் போவாய். மருமகனிடம் மூன்றுக்கும் விடை இல்லை. திருமங்கலத்தில் அவன் வாடகை வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் மட்டும் இருக்கிறது. நிழல் தரும், பறவை எச்சமும் தரும்.

வாயால் சொன்னதை அவன் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. சரி என்று ஒரு வெள்ளிக்கிழமை என் ஃபியட்டையே அவனிடம் கொடுத்தேன். மூன்று நாள் வைத்துக்கொள், வீட்டுக்குக் காய்கறி வாங்குவதிலிருந்து எல்லாவற்றுக்கும் இதிலேயே போ என்றேன். கியர் போடவும் சோக்கைத் தள்ளவும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். பெருமையோடு ஓட்டிக்கொண்டு போனான். வழியில் ஒரு டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் காரைத் தொட்டுப் பார்த்ததாகவும், அதில் ஒருவர் தன் கல்யாண ஊர்வலமே இந்த மாடலில்தான் என்று சொன்னதாகவும் இரவு போன் செய்தான். குரல் பூரித்திருந்தது. வேலை வீணாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அடுத்த போன். திருப்பரங்குன்றம் பக்கம் கார் நின்றுவிட்டது. குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வெயிலில் பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்திருக்கும் என்று ஊகித்தேன். பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி பொறுத்து ஸ்டார்ட் செய் என்றேன். செய்தான், கிளம்பியது. ஆனால் பானெட்டைத் திறந்தபோது பெட்ரோல் வாசனை அடித்ததாகச் சொன்னான். அதுதான் நான் மாற்றாமல் விட்ட அந்த ஒரு குழாய். வெடிப்புக் கண்டிருந்தது. தீப்பிடித்திருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தள்ளிப்போட்ட சோம்பேறித்தனம் என்னுடையது, காரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றே ஆல்டோவில் போய் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, ஃபியட்டைக் கயிறு கட்டி இழுத்துவந்தேன்.

யாராவது இதையும் மீறிப் பழைய காரைப் பார்க்கப் போனால், பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, டிக்கியின் தரை ஆகிய இடங்களில் மெல்லிய துணி சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையை மறைத்த பட்டிப் பூச்சுதான் இருக்கிறது. மிதியடியைத் தூக்கித் தரையை விரலால் தட்டுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னின் தேய்மானம் தெரியும். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் அன்று திரும்பிவிட்டு, இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டத் தயங்குகிறவரிடம் கார் வாங்கவேண்டாம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காரில் உள்ளவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும்.

திங்கட்கிழமை மருமகன் வந்தான். தோள் வலிக்கிறது என்றான். காரைக்குடிக் கார் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காபி குடித்து முடித்த பிறகு, ஆல்டோவில் சாம்பல் நிறம் எடுப்பதா வெள்ளை எடுப்பதா என்று கேட்டான். வேப்பமரம் பாதி நாள்தான் நிழல் தரும், வெள்ளையே எடு என்றேன்.